காந்த அறை வாசல்

எம்ஆர்ஐ பகுதியை மேனுகா தானாகவே கேட்டு வாங்கினாள். ரேடியோகிராபராக வேலைக்கு வந்த நாள் முதல் எக்ஸ்ரே அறையில் நின்றவளுக்கு எலும்பும் இரும்பும் அலுத்துப் போயிருந்தன.

வன்னியில் எக்ஸ்ரே எடுக்கிறவர்களுக்கு அது போர் விட்டுப்போன இரும்பு என்று விளக்கத் தேவையில்லை. இருமல் என்று வரும் முதியவரின் நெஞ்சுப் படத்தில், விலா எலும்புகளுக்கு நடுவே, கூரான வெள்ளைத் துண்டொன்று கிடக்கும். வயல் வரம்பில் வழுக்கி விழுந்து வரும் பெண்ணின் இடுப்பெலும்பைச் சுற்றிச் சிந்திய குறுணி போல வெள்ளைப் பொட்டுகள் தெரியும். அவர்கள் வந்தது வேறு எதற்கோ. டொக்டர் படத்தைப் பார்த்து, "இது பழசு" என்று ஒதுக்கிவிட்டு அன்றைய நோயைத் தேடுவார். நோயாளியும் "ஓம், அது பழசு" என்பார். அந்தப் பழசுகளைப் படம் பிடித்தே மேனுகாவின் வருடங்கள் போய்க்கொண்டிருந்தன.

அவளுடைய வீடு ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டை ஒட்டிய குடியேற்றம் ஒன்றில் இருந்தது. அப்பா சங்கிலி எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தின்போது தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, சிறுவனாக வன்னிக்கு வந்து இறங்கியவர். இப்போது யானைகள் விட்டுவைத்த மிச்சத்தை அறுத்து வாழ்கிற விவசாயி. மகள் மருத்துவம் படிக்கப் புள்ளி போதாமல், கொழும்பில் வேறு ஒரு படிப்புக்குத் தெரிவாகியிருக்கிறாள் என்றபோது அது என்ன படிப்பென்று அவருக்கு விளங்கவில்லை.

"டாக்டரா?"

"இல்லையப்பா. படம் எடுக்கிறது."

"கல்யாண வீட்டுலயா?"

அம்மா இரஞ்சிதம் சிரித்துவிட்டு, "எலும்பப் படம் எடுக்கிறதுங்க" என்றார். சங்கிலி கொஞ்சம் யோசித்து, "அப்ப நம்மூர்ல வேலை இருக்கும்" என்றார்.

படிக்கும் காலத்தில் அவர்களை ஒவ்வொரு பிரிவாக அனுப்பினார்கள். சி.ரி. ஸ்கான் அறைக்கு விபத்தில் சிக்கியவர்கள் இரத்தம் காயாமல் வந்தார்கள். அங்கே வேகம் வேண்டும். மார்பகப் படப் பிரிவில் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே கை மென்மையாக இருக்க வேண்டும், வாய் அதைவிட மென்மையாக. இதய நாளங்களைப் படம் பிடிக்கும் அறையில் ஈய அங்கியைச் சுமந்தபடி நின்று நின்று மேனுகாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் பிரிவை அவளுடைய சிநேகிதி சுமித்திரா தேர்ந்தெடுத்தாள். "நீங்கள் எல்லாரும் நோயைப் படம் எடுத்துக்கொண்டு இருங்கோ. நான் அதைச் சுடப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேனுகாவின் மனம் எம்ஆர்ஐயில்தான் நின்றது. அதில் கதிர் இல்லை. மிகப் பெரிய காந்தம் ஒன்றுக்குள் ஆளைப் படுக்கவைத்து, எலும்புக்குள் ஒளிந்திருக்கும் மிருதுவானவற்றையெல்லாம் காட்டும் இயந்திரம் அது. மூளையின் மடிப்புகள், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு, மூட்டுகளின் சவ்வு. முதல்நாள் வகுப்பில் ஆசிரியை ஒரு கடதாசிக் கிளிப்பை நூலில் கட்டி, அறை வாசலில் நின்று தூக்கிப் பிடித்தார். கிளிப் கீழே தொங்கவில்லை. நூலை இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில், இயந்திரத்தை நோக்கி நின்றது. "இது ஒருநாளும் நித்திரை கொள்வதில்லை. கரண்ட் போனாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்போடு யாரையும் உள்ளே விடாதீர்கள்" என்றார் ஆசிரியை.

அவள் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு அந்த இயந்திரம் வந்தபோது, அதற்குப் பொறுப்பாக வந்தவர் ரஜிதன். யாழ்ப்பாணத்து மனிதர், ஐம்பதை நெருங்கியவர். அதிகம் கதைக்கமாட்டார், கதைத்தால் சுற்றி வளைக்கமாட்டார். மேனுகா அவரிடம் வேலை பழகினாள். ஸ்கானுக்கு வருகிறவர்களிடம் கேள்வி கேட்டு, உடை மாற்றி, உள்ளே அனுப்புவது அவள் பொறுப்பு.

ஜனகன் வந்தது ஐப்பசி மாதத்து ஒரு காலையில். பளையில் தென்னந்தோட்டம் ஒன்றில் ரக்ரர் ஓட்டுபவர். நாற்பதைத் தாண்டியிருந்தார். சில மாதங்களாகக் கால்கள் மரத்துப்போகின்றன, நடக்கும்போது தடுமாறுகின்றன, கிளச்சை மிதித்தால் மிதித்தது தெரியவில்லை என்று டொக்டரிடம் போயிருக்கிறார். முதுகுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முள்ளந்தண்டு நரம்பைப் பார்க்க வேண்டும் என்று எம்ஆர்ஐக்கு அனுப்பியிருந்தார்கள். அவருடைய மனைவி கமலாட்சி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்.

மேனுகா வழமையான கேள்விகளைத் தொடங்கினாள்.

"உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ அண்ணா? ஒப்பரேசன் செய்து தகடு, ஆணி வைச்சிருக்கினமோ?"

"இல்லை."

"இதயத்துக்கு மெசின் ஏதும்?"

"இல்லை."

"செல் காயம், வெடிக் காயம்?"

"இல்லை."

"சண்டை நேரம் எங்க இருந்தனீங்கள்?"

"எல்லாரும் இருந்த இடத்திலதான்."

"அப்ப ஒரு காயமும் படேல்லையோ?"

"அதுதான் இல்லையெண்டுறன் தங்கச்சி."

குரலில் கோபம் இல்லை. கதவைச் சாத்துவது போலச் சொன்னார். கமலாட்சி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை; கணவரின் செருப்பைக் குனிந்து எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

உடை மாற்றிக்கொண்டு ஜனகன் வெளியே வந்தபோது, நெற்றியில் விழுந்திருந்த முடியைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். அப்போதுதான் மேனுகா அதைக் கண்டாள். வலது புருவத்தின் உள்முனையில், மூக்கோடு சேருமிடத்தில், நீலமும் கறுப்புமாக ஒரு சிறு புள்ளி. மச்சம் என்றால் மண்ணிறமாக இருக்கும். இது பேனா மை தோலுக்குள் இறங்கியது போல இருந்தது. அம்மாவின் தோளில் அப்படி நிறைய உண்டு. செல் குண்டு வெடிக்கும்போது தோலுக்குள் போகும் கரி, எத்தனை வருடம் குளித்தாலும் போகாது.

"இது என்ன அண்ணா, புருவத்தில?"

"சின்னனில விழுந்தது."

மேனுகா உள்ளே போய் ரஜிதனிடம் சொன்னாள்.

"வடிவாக் கேட்டனீரோ?"

"திருப்பித் திருப்பிக் கேட்டனான் அண்ணை. இல்லையெண்டுறார்."

"அப்ப கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடும். எடுக்காமல் உள்ளே விடேலாது."

ஜனகன் மறுக்கவில்லை. வேறு அறைக்கு ஏன் கூட்டிப் போகிறார்கள் என்றும் கேட்கவில்லை. தட்டில் முகத்தை வைக்கச் சொன்னபோது வைத்தார்; மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தார். படம் திரையில் வந்தது. நெற்றியும் கன்னமும் சாம்பல் நிறத்தில் விழுந்திருந்தன. வலது கண்குழியின் ஆழத்தில், நெல் உமி அளவில், வெள்ளையாக ஒன்று இருந்தது.

ரஜிதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கண் நரம்புக்குப் பக்கத்தில. உள்ளே போனா காந்தம் அதைத் திருப்பும். நரம்பை வெட்டலாம். வெட்டாமலும் விடலாம். அந்த விளையாட்டை நாங்கள் விளையாடேலாது. ஸ்கான் இல்லையெண்டு சொல்லும்."

மேனுகா வெளியே வந்து, கணவன் மனைவி இருவருக்கும் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். படத்தில் என்ன தெரிந்தது, ஏன் அந்த அறைக்குள் போக முடியாது என்று தன்னால் இயன்றவரை எளிமையாகச் சொன்னாள். கமலாட்சி திடுக்கிட்டுக் கணவரின் முகத்தைப் பார்த்தார். கல்யாணம் முடித்து இத்தனை வருடமாக அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

ஜனகன் கேட்டது ஒன்றுதான். "இப்ப அது எங்க எழுதப்படும்?"

"ஆஸ்பத்திரிப் பதிவில. உங்கட கிளினிக் கொப்பியில."

"எழுதாதேங்கோ."

"எழுதத்தான் வேணும் அண்ணா."

"தங்கச்சி, எழுதாதேங்கோ. நான் ஸ்கான் எடுக்கேல்லை. வீட்டை போறன். வந்ததாவே இருக்க வேண்டாம்."

மேனுகாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "நீங்கள் இயக்கத்தில இருந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை. நானும் இல்லை, என்ரை தம்பியும் இல்லை." ஜனகன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தம்பி நிருஷன் மரக்கறிக் கடையில நிண்டவன். சண்டையின்ரை கடைசியில ஆமிக்காரர் எங்களை வெட்டவெளியில இருத்தி வைச்சிருந்தாங்கள். காயப்பட்ட ஆக்கள் கையைத் தூக்குங்கோ, மருந்து கட்டுறம் எண்டு தமிழில அறிவிச்சாங்கள். அவனுக்குத் தொடையில காயம். கையைத் தூக்கினான். அண்ணை, உனக்குக் கண்ணில காயம், நீயும் தூக்கு எண்டு என்ரை கையையும் பிடிச்சுத் தூக்கினான். நான் இழுத்துக்கொண்டன். அவனை ஒரு பஸ்ஸில ஏத்தினாங்கள்."

"பிறகு?"

"பிறகு இல்லை."

கமலாட்சி வாயைப் பொத்திக்கொண்டார். நிருஷன் காணாமல் போனது அவருக்குத் தெரியும்; மாமியார் சாகும்வரை அவனுடைய படத்தைத் தூக்கிக்கொண்டு வீதிப் போராட்டத்தில் இருந்தவர். அவன் எப்படிப் போனான் என்பது தெரியாது.

"எனக்குக் கண் வீங்கி இருந்தது. என்னெண்டு கேட்ட ஆக்களுக்குத் தூசி எண்டு சொன்னன். முகாமிலயும் தூசி எண்டுதான் சொன்னன். இவவுக்கும் அப்பிடித்தான். காயம் இருக்கோ எண்டு ஆர் கேட்டாலும் எனக்கு இல்லையெண்டுதான் வாயில வரும். நீங்கள் நல்ல பிள்ளை. ஆனா எழுதினதை நாளைக்கு ஆர் பாப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியாது."

அது மேனுகாவுக்குத் தெரியாதுதான். ஆனால் வேறு ஒன்று தெரிந்திருந்தது. எழுதாமல் விட்டால், இன்னோர் ஊரில் இன்னோர் ஆஸ்பத்திரியில் ஒருநாள் இவர் நினைவில்லாமல் கொண்டுவரப்படலாம். கேள்வி கேட்க ஆள் இருக்காது. நேரே காந்தத்துக்குள் தள்ளிவிடுவார்கள்.

"எழுதாட்டி உங்கட கண் போயிடும் அண்ணா. இண்டைக்கு இல்லாட்டியும் ஒருநாள்."

அவள் எழுதினாள். கொப்பியின் மேல் பக்கத்தில், எவர் கண்ணுக்கும் படும்படி, சிவப்பு மையில்.

பிறகு மாற்று வழியைச் சொன்னாள். முதுகில் ஊசியால் மருந்து ஏற்றி, அதன் பிறகு சி.ரி. ஸ்கான் எடுக்கலாம். மருந்து ஓடும் வழியில் அடைப்பு இருந்தால் தெரியும். அதைக் கொழும்பில்தான் செய்ய வேண்டும். ரஜிதன் அப்போதே தொலைபேசியில் கதைத்து ஒரு திகதி வாங்கிக் கொடுத்தார். ஜனகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று மேனுகா நினைத்தாள். இருவரும் வாசலைக் கடந்து போகும்போது, ஜனகன் கமலாட்சியின் தோளில் சாய்ந்தபடி, கால் விரல்கள் நிலத்தில் உரசி உரசிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்கழியில் ஒருநாள் ரஜிதன் சொன்னார்: "அந்தப் பளை ஆள் கொழும்புக்குப் போகேல்லையாம். அங்கத்தை ஆஸ்பத்திரி ஆக்களிட்டை இப்பதான் கதைச்சனான்."

மேனுகா ஜனகனின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தாள். நிறுத்தப்பட்டிருந்தது. வேறு இலக்கம் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

அந்த வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோதும் அது மனதை விட்டுப் போகவில்லை. சங்கிலி வயலோரத்தில், யானை மிதித்துச் சாய்த்த வேலிக் கட்டைகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மேனுகா கட்டையைப் பிடித்துக் கொடுத்தபடி நடந்ததைச் சொன்னாள். ஆளின் பெயரைச் சொல்லவில்லை. அப்பா வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"நான் எழுதினது பிழையோ அப்பா?"

"பிழையா சரியான்னு எனக்கென்ன தெரியும்." மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார். "கலவரம் நேரம் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஆளுங்க வந்து, இங்க யார் யாரு இருக்கிறீங்கன்னு கேட்டாங்க. ஒங்க தாத்தா நாலு பேருன்னு சொன்னாரு. நாங்க ஏழு பேரு. மூணு பேர சாக்குக்குப் பின்னால தள்ளிட்டாரு. அதுல நான் ஒருத்தன். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் வீட்டுல எத்தன பேருன்னு யாரு கேட்டாலும் அந்த மனுசன் சரியான கணக்கு சொல்லல. அரிசி வாங்குற கூப்பன் கார்டுக்குக் கூட."

மேனுகா அடுத்த கட்டையைத் தூக்கிக் கொடுத்தாள்.

"அந்த ஆளு பயந்து கெடக்கிறாரு. ஆஸ்பத்திரியில இருந்து கடிதாசி போட்டா இன்னும் பயப்படுவாரு. நீ போயி மூஞ்சியக் காட்டு."

மறுநாளே அவள் பளைக்குப் போனாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, தென்னந்தோட்டத்தின் பெயரைச் சொல்லி விசாரித்து, சிவந்த சேற்று ஒழுங்கை வழியே நடந்தாள். கமலாட்சி முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். மேனுகாவைக் கண்டதும் முதலில் வெளியே வீதியைப் பார்த்தார், வேறு யாரும் வருகிறார்களா என்று. பிறகுதான் "வாங்கோ பிள்ளை" என்றார்.

குசினிக்குள் இருத்தி, தேத்தண்ணி போட்டபடி, தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னார்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியால வந்து போனை நிப்பாட்டிப் போட்டார். படலைக்கு முன்னால மோட்டார் சைக்கிள் போனாலும் எழும்பி இருப்பார். நான் என்ன சொல்லியும் கேக்கேல்லை. பிறகு டெங்கு பாக்கிறதுக்கு ஒரு ஐயா வந்தார். கிணத்தடி, சிரட்டை எல்லாம் பாத்துப்போட்டு, வீட்டில எத்தினை பேர், ஆருக்கும் சுகமில்லையோ எண்டு கேட்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, இவருக்குக் கால் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். இவர் உள்ளுக்க கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்."

"அதுக்குப் பிறகு?"

"ஐயா போன கையோட அறையைப் பாக்கிறன், ஆள் இல்லை. பின் கதவு திறந்து கிடக்கு. நடக்க ஏலாத மனுசன், பிள்ளை. தவண்டு போயிருக்கிறார். தோட்டத்துக்கு நடுவில தென்னம்பிள்ளை வைக்க வெட்டின கிடங்குக்குள்ள இறங்கிப் படுத்திருக்கிறார். அண்டைக்குப் பெய்த மழை தெரியும்தானே. நான் பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, சத்தம் போடாமல் கிடந்திருக்கிறார். பொழுதுபட்டுத்தான் கண்டுபிடிச்சம். கழுத்தளவு தண்ணி. அதுக்குப் பிறகு கால் ரெண்டும் அசையேல்லை. மூத்திரம் போறதும் தெரியேல்லை."

ஜனகன் உள்ளறையில் பாயில் கிடந்தார். தாடி வளர்ந்திருந்தது. மேனுகா பக்கத்தில் தரையில் இருந்தாள்.

"எழுதினதை அழிச்சுப் போட்டியளோ?"

"இல்லை அண்ணா."

"ஆர் ஆர் பாத்தது?"

"நான். ரஜிதன் அண்ணை. உங்கட டொக்டர்."

"வேறை?"

வேறு ஒருவரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கு அது உறுதியாகத் தெரியாது. "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதைத்தான் என்னால சொல்ல ஏலும்" என்றாள்.

ஜனகன் அவளை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பதில் அவருக்கு ஏதோ ஒரு வகையில் பிடித்திருக்க வேண்டும்.

"கொழும்புக்குப் போவம் அண்ணா. நானும் வாறன். சிங்களத்தில கேக்கிறதுக்கெல்லாம் நான் மறுமொழி சொல்லுறன்."

"போவம்" என்றார் ஜனகன். "இனி ஓடேலாதுதானே."

ரஜிதன் அம்புலன்சுக்கு ஒழுங்கு செய்தார். மேனுகா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். கொழும்பு ஆஸ்பத்திரியில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஜனகனின் முதுகில் ஏற்றிய மருந்து முள்ளந்தண்டுக்குள் வெள்ளைக் கோடாக மேலே ஏறுவதைப் பார்த்தாள். இடுப்பைத் தாண்டி, விலா எலும்புகளின் மட்டத்துக்கு ஏறி, நெஞ்சின் நடுவில் அந்தக் கோடு நின்றது. வெட்டி வைத்தது போல நின்றது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. படித்தவள் என்பதால், யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது. கமலாட்சி அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.

நரம்பை ஒரு கட்டி நெரித்துக்கொண்டிருந்தது. புற்றுநோய் இல்லை. மெதுவாக வளரும், முழுதாக எடுத்துவிடக்கூடிய கட்டி. சத்திரசிகிச்சை நிபுணர் அதை எடுத்துவிட்டார். பாக்கு அளவில் இருந்தது என்று சொன்னார். பிறகு மேனுகாவை ஒருபக்கம் கூப்பிட்டு, ஆங்கிலத்தில், இவரை ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். நடந்து திரிந்த காலத்தில் எடுத்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார். நரம்பு இவ்வளவு காலம் நெரிபட்ட பிறகு திரும்பாது. அவர் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. மேனுகாவுக்கு விடை தெரியும். அதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. "தூர இடம், சேர்" என்று மட்டும் சொன்னாள்.

கால்கள் திரும்பவில்லை. மாசியில் ஜனகன் சக்கரக் கதிரையோடு வீட்டுக்கு வந்தார். தோட்டத்துக்காரர் ரக்ரருக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டார். கமலாட்சிக்குத் தேங்காய் மட்டை உரிக்கும் வேலை கொடுத்தார்.

அந்த நாட்களில் சுமித்திரா தொலைபேசியில் எடுத்து, கதிர் சிகிச்சைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பிக்கச் சொல்லி மேனுகாவை நெருக்கினாள். "அங்க நிண்டு என்ன செய்யுறாய்? கேள்வி கேக்கிறதும் திருப்பி அனுப்புறதும்தானே." மேனுகா யோசிக்கிறேன் என்றாள். ரஜிதனிடம் கேட்டபோது அவர், "போறதெண்டாப் போம். உமக்குப் பதிலா வாறவருக்கு அந்த நீலப் புள்ளி என்னெண்டு தெரியுமோ எண்டுதான் யோசிக்கிறன்" என்றார். அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

வைகாசியில் ஜனகன் மாதாந்தக் கிளினிக்குக்கு வந்தார். கமலாட்சி கதிரையைத் தள்ளிக்கொண்டு எம்ஆர்ஐ பகுதி வாசல்வரை வந்து, மேனுகாவைக் கூப்பிட்டார். ஜனகன் சவரம் செய்திருந்தார். சட்டை துவைத்து மடிப்புக் கலையாமல் மினுக்கியிருந்தது. சுகம் விசாரித்த பிறகு, அவர் அந்தக் கனத்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே இயந்திரம் யாரையோ படம் பிடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியேயும் அதன் தட்டும் ஓசை கேட்டது.

"பிள்ளை, ஒண்டு கேக்கவோ?"

"கேளுங்கோ அண்ணா."

"அண்டைக்கு என்ரை புருவத்தை நீங்கள் பாக்காமல் விட்டிருந்தா என்ன நடந்திருக்கும்?"

"உள்ளே போயிருப்பியள்."

"போனா?"

"கண் போயிருக்கலாம்."

"ஒரு கண்."

"ஓம். ஒரு கண்."

"ஆனா கட்டியைக் கண்டிருப்பியள், என்ன?"

அந்தக் கேள்வியை மருத்துவர் யாரும் கேட்கவில்லை. ரஜிதனும் கேட்கவில்லை. அவள் தனக்குள் பலமுறை கேட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் பாதியில் விட்டிருந்தாள்.

"கண்டிருப்பம்" என்றாள்.

"அப்பவே வெட்டி எடுத்திருப்பினம்."

"ஓம்."

"ஒரு கண்ணோட ரக்ரர் ஓட்டலாம்" என்றார் ஜனகன்.

கோபமாகச் சொல்லவில்லை. நெடுநாள் தனியே இருந்து கணக்குப் பார்த்து, சரியான விடை வந்ததா என்று தெரிந்தவரிடம் காட்டுவது போலச் சொன்னார். கமலாட்சி பதறிப்போய், "உந்தாள் கதைக்கிறதை மனசில எடுக்காதேங்கோ பிள்ளை. வீட்டில இருந்து இருந்து இப்பிடித்தான் ஏதாவது" என்றார்.

"இல்லை அக்கா. அவர் சரியாத்தான் கேக்கிறார்."

"நான் உங்களைப் பிழை சொல்லேல்லை" என்றார் ஜனகன். "உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்கள் செய்தியள். எனக்குத் தெரிஞ்சதை நான் செய்தன்." சற்றுப் பொறுத்து, "ரெண்டும் சரியாத்தான் இருந்தது" என்றார்.

பளைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மேனுகா ரஜிதனிடம் சொல்லிவிட்டு அவர்களோடு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் சக்கரக் கதிரைகளுக்கென்று போட்டிருந்த சீமெந்துச் சரிவு செங்குத்தாக இறங்கியது. யார் கட்டினார்களோ, ஆளை வைத்துத் தள்ளிப் பார்த்துக் கட்டியதாகத் தெரியவில்லை. ஜனகனை முதுகுப் பக்கமாகத் திருப்பி, ஆளுக்கு ஒரு கைபிடியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பெண்களும் காலை ஊன்றி ஊன்றி, அவரைக் கீழே இறக்கினார்கள்.